அணி மாறியதும் ஒரு கால்பந்து வீரர் எப்படித் திடீரென்று பெரிய ஆளாகிறார்?

இங்கிலாந்தின் செல்சி கிளப்பில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த சாலாவும் டி புருய்னேயும் வெளியே போன சில ஆண்டுகளில் உலகின் முதல் வரிசைக்கு வந்துவிட்டார்கள், மான்செஸ்டர் யுனைடெட் விற்ற மெக்டாமினே இத்தாலிக்குப் போன முதல் பருவத்திலேயே அந்த லீகின் சிறந்த வீரர் ஆகிவிட்டார், அப்படியென்றால் தாய் அணியில் இருந்த பழைய பயிற்சியாளர்களுக்குக் கண் தெரியவில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்படி மேலே வந்தவர்களின் பெயர்களையும் கேட்டிருக்கிறீர்கள். பெயர்கள் எளிது. கேள்விக்குள் இருக்கும் கேள்விதான் கடினம்: மாறியது ஆளா, அவர் பார்த்த வேலையா? எல்லோருக்கும் பொருந்தும் ஒரே பதில் இதற்குக் கிடையாது. ஆனால் ஒவ்வொருவரையும் தனியாக எடுத்துப் பிரித்துப் பார்க்கலாம். அப்படிப் பார்த்தால் பெரும்பாலானவர்களிடம் மாறியது, களத்தில் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலைதான். திறமையே கூடியவர்களும் உண்டு, ஆனால் நாம் நினைப்பதைவிடக் குறைவு.

வேலை மாறுவது என்றால் என்ன என்பதற்கு ஆன்ட்ரியா பிர்லோவைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. 1998-இல் பிரெஷாவிலிருந்து இன்டர் மிலான் அவரை வாங்கியது. அப்போது அவர் பத்தாம் எண் ஆட்டக்காரர், அதாவது முன்கள வீரருக்குப் பின்னால், எதிரணியின் நடுக்களத்துக்கும் தடுப்பு வரிசைக்கும் இடையில் நிற்பவர். அந்த இடத்தில் பந்து வரும்போது முதுகு பெரும்பாலும் எதிரணியின் கோல் பக்கம் இருக்கும். ஓரிரு மீட்டர் தூரத்தில் ஒரு தடுப்பாட்டக்காரர் காத்திருப்பார். பந்தை வாங்கி, திரும்பி, அவரைக் கடந்து பாய வேண்டும். பிர்லோவிடம் அந்தப் பாய்ச்சல் இல்லை. இன்டர் அவரை ரெஜினாவுக்கு இரவல் கொடுத்தது, 2001 தொடக்கத்தில் மீண்டும் பிரெஷாவுக்கே இரவல் அனுப்பியது. அங்கே பத்தாம் எண் இடத்தில் ராபர்ட்டோ பாஜியோ இருந்தார். அவரை நகர்த்த முடியாது என்பதால் பயிற்சியாளர் கார்லோ மட்சோனே பிர்லோவைத் தடுப்பு வரிசைக்கு முன்னால் இறக்கினார். அந்த ஏப்ரலில் யுவென்டஸுக்கு எதிராகப் பின்னாலிருந்து பிர்லோ தூக்கிப் போட்ட நீண்ட பாஸை பாஜியோ ஒரே தொடுதலில் அடக்கி, கோல்கீப்பரைச் சுற்றிக்கொண்டு போய் அடித்த கோல் இன்றைக்கும் இணையத்தில் சுற்றுகிறது. அதில் பாஜியோவை எல்லோரும் பார்ப்பார்கள். பந்து புறப்பட்ட இடத்தை ஒருமுறை பாருங்கள்.

அதே ஆண்டு கோடையில் இன்டர் பிர்லோவைப் பக்கத்து வீட்டுக்காரரான ஏசி மிலானுக்கு விற்றது. 2002-03 பருவத்தில் பயிற்சியாளர் கார்லோ அன்செலோட்டி அவரை அந்தத் தாழ்ந்த இடத்திலேயே நிரந்தரமாக வைத்தார். அங்கே முழுக் களமும் கண்முன் இருக்கும். எதிரே வருபவர் எதிரணியின் முன்கள வீரர் ஒருவர், அதிகமானால் இருவர். கால் வேகம் வேண்டாம். தலையை நிமிர்த்தி நாற்பது மீட்டர் பாஸ் போடத் தெரிந்தால் போதும். ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு, அதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். பந்து பறிபோனால் ஓடிப் பிடிக்க இரண்டு பக்கமும் ஆள் வேண்டும். மிலானில் வலப்பக்கம் கட்டூசோ அந்த ஓட்டத்தை ஓடினார், இடப்பக்கம் சீடார்ஃப் இருந்தார். 2003-இலும் 2007-இலும் சாம்பியன்ஸ் லீக், இடையில் 2006 உலகக்கோப்பை. 2011-இல் மிலானின் பயிற்சியாளராக இருந்த அலெக்ரி தடுப்புக்கு முன்னால் உடல் வலு உள்ள ஒருவரை நிறுத்த விரும்பினார். 32 வயது பிர்லோ பணமே இல்லாமல் யுவென்டஸுக்குப் போனார். அங்கே பயிற்சியாளர் கான்ட்டே அவருக்கு இரு பக்கமும் விடாலையும் மார்க்கீசியோவையும் ஓடவிட்டார். யுவென்டஸ் 2011-12 லீகை ஒரு தோல்விகூட இல்லாமல் முடித்தது. இரண்டாம் இடம் மிலானுக்கு, நான்கே புள்ளி வித்தியாசம். பிர்லோ அங்கே இருந்த நான்கு பருவமும் யுவென்டஸ்தான் சாம்பியன். ஒரே வீரர் இரண்டு முறை கைவிடப்பட்டு இரண்டு முறை மேலே வந்தார். 32 வயதில் புதிதாகக் கால் முளைக்கவில்லை. அவரைச் சுற்றி யார் நின்றார்கள் என்பதுதான் மாறியது.

தியரி ஹென்றி கதை இதன் மறுபக்கம். 1999 ஜனவரியில் மொனாக்கோவிலிருந்து யுவென்டஸுக்குப் போய், பக்கவாட்டில் ஏறி இறங்கும் வேலையில் 16 லீக் ஆட்டங்களில் 3 கோல் அடித்தார். பக்கவாட்டு நடுக்கள வீரர் என்றால் எதிரணியின் ஃபுல்பேக்கை, அதாவது பக்கவாட்டுத் தடுப்பாட்டக்காரரை, துரத்திக்கொண்டு தன் பாதிவரை இறங்க வேண்டும். ஹென்றியின் பெரிய சொத்தான வேகம் அங்கே பின்னோக்கி ஓடுவதில் செலவானது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஆர்சனல் வாங்கியது. மொனாக்கோவில் அவரைச் சிறுவயதில் களமிறக்கிய ஆர்சேன் வெங்கர்தான் அங்கே மேலாளர். அவர் ஹென்றியை நடு முன்களத்துக்குக் கொண்டுவந்தார். உடனே மந்திரம் நடந்துவிடவில்லை. முதல் எட்டு ஆட்டங்களில் கோலே இல்லை. ஆனாலும் வாய்ப்பு தொடர்ந்தது, பருவ முடிவில் லீகில் 17 கோல். மொத்தம் 228 கோல்களோடு அந்தக் கிளப்பின் எல்லாக் காலத்துக்குமான முதல் கோல்காரர் ஆனார்.

முன்கள வீரர் ஃபோர்லான் விஷயத்தை வேகமாகச் சொல்லிவிடலாம். யுனைடெட்டில் 63 லீக் ஆட்டங்களில் 10 கோல், அந்த ஆட்டங்களில் பாதிக்கு மேல் மாற்று வீரராக. 2004-இல் ஸ்பெயினின் வில்யாரியலுக்குப் போனார். முதல் பருவத்திலேயே 25 கோல், லீக் கோல்களுக்கான விருதான ஐரோப்பாவின் தங்கக் காலணியை ஹென்றியோடு பகிர்ந்துகொண்டார். 2008-09-இல் அட்லெட்டிகோ மாட்ரிட்டுக்காக 32. வில்யாரியலில் அவருக்குப் பின்னால் பந்து கொடுத்தவர் ரிக்கெல்மே. ஒவ்வொரு வாரமும் முதல் நிமிடத்திலிருந்து ஆடுவதும், பின்னால் அப்படி ஒருவர் இருப்பதும் சேர்ந்தால் வரும் வித்தியாசம் அது.

இனி செல்சி. டி புருய்னே பற்றிய பொதுக் கருத்தில் ஒரு பிழை இருக்கிறது. "செல்சியில் சரியாக ஆடவில்லை, வெளியே போய் வளர்ந்தார்" என்கிறார்கள். செல்சிக்காக அவர் இங்கிலாந்தின் முதன்மை லீகான பிரீமியர் லீகில் ஆடியது மொத்தம் மூன்று ஆட்டங்கள். மூன்று ஆட்டத்தை வைத்துச் சரியாக ஆடினார் என்றும் சொல்ல முடியாது, ஆடவில்லை என்றும் சொல்ல முடியாது. அதற்கு முன்பே பெல்ஜியத்தின் ஹென்க்கில் சாம்பியன் பட்டம், 2012-13-இல் வெர்டர் பிரெமனுக்கு இரவலாகப் போய் லீகில் 10 கோல். 2013-இல் செல்சி பயிற்சியாளர் மொரீனியோ கையில் பத்தாம் எண் இடத்துக்கும் பக்கவாட்டுக்கும் ஹசார்ட், ஆஸ்கர், வில்லியன், மாட்டா, ஷூர்லே என்று ஐந்து பேர் இருந்தார்கள். அந்த இடத்தில் நிற்பவர் பந்து இல்லாதபோது விடாமல் துரத்த வேண்டும் என்பது மொரீனியோவின் விதி. அந்த விதிக்கு ஆஸ்கர் பொருந்தினார். மாட்டாகூட 2014 ஜனவரியில் விற்கப்பட்டார். ஏறக்குறைய 70 லட்சம் பவுண்டுக்கு வாங்கிய டி புருய்னேயை 1.8 கோடிக்கு வோல்ஃப்ஸ்பர்க்குக்கு விற்றார்கள், அடுத்த பருவம் லீகையும் வென்றார்கள். அன்றைய கணக்கில் அது முட்டாள்தனமான முடிவு அல்ல. பத்தாண்டுக் கணக்கில் பெரிய நஷ்டம். பயிற்சியாளர்கள் பத்தாண்டுக் கணக்கில் சம்பளம் வாங்குவதில்லை. அடுத்த பத்து ஆட்டம் தோற்றால் அவர்களுக்கு வேலை இல்லை. டி புருய்னேயை நான் 'வளர்ந்தவர்' பட்டியலில் வைக்க மாட்டேன். அவர் 'ஆட விடப்பட்டவர்'.

சாலா அப்படியல்ல. உண்மையிலேயே ஆட்டம் கூடியவர் என்று துணிந்து சொல்லக்கூடிய சிலரில் அவர் ஒருவர், ஆனால் அவரிடமும் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. 2013 இலையுதிர் காலத்தில் பாசல் அணி சாம்பியன்ஸ் லீகில் செல்சியை இரண்டு முறையும் வீழ்த்தியது. இரண்டிலும் சாலா கோல் அடித்தார். பாசல் பின்னால் காத்திருந்து, திறந்த வெளியில் அவரை ஓடவிட்ட அணி. 2014 ஜனவரியில் செல்சி வாங்கியதும் அந்த வெளி காணாமல் போனது. தங்களைவிடப் பலவீனமான அணிகள் தங்கள் கோலுக்கு முன்னாலுள்ள பெட்டிக்குள் குவிந்து நிற்பதைத்தான் செல்சி வாராவாரம் எதிர்கொண்டது. 13 லீக் ஆட்டம், 2 கோல். அந்த நாட்களின் காணொளியைப் பார்த்தால் முதல் தொடுதல் தள்ளிப் போவதும், இடது காலை விட்டால் வேறு வழி தெரியாமல் நிற்பதும், கடைசி உதை அவசரப்படுவதும் தெரியும். அதெல்லாம் உண்மையான குறைகள், பயிற்சியாளரின் கற்பனை அல்ல. ஃபியோரென்டினாவுக்கும் பிறகு ரோமாவுக்கும் போய் ஒழுங்காக ஆடிய இரண்டரை ஆண்டுகளில் அவை குறைந்தன. ரோமாவில் லீகில் 14 கோல், அடுத்த பருவம் 15 கோலோடு 11 அசிஸ்ட் (கோலுக்கு வழிவகுத்த கடைசி பாஸ்). தடுப்பாட்டக்காரர் மேலே சாய்ந்தாலும் பந்தைக் காப்பது, தானே அடிக்காமல் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுப்பது, இந்த இரண்டும் செல்சி சாலாவிடம் இல்லாதவை.

ஆனால் 15 எப்படி ஒரே கோடையில் 32 ஆனது? 2017-18-இல் லிவர்பூலுக்காக 36 ஆட்டங்களில் 32 கோல். 38 ஆட்டங்கள் கொண்ட பிரீமியர் லீக் பருவத்தில் அதுவரை யாரும் அடிக்காத எண்ணிக்கை. ஒரு கோடை விடுமுறையில் ஒருவரின் திறமை இரட்டிப்பாகாது. ரோமாவில் கோல் முகத்தில் எடின் ஜெக்கோ இருந்தார். சாலாவின் கடைசிப் பருவத்தில் அவர் 29 கோல் அடித்து லீகில் முதலிடம் பிடித்தார், அதற்குப் பந்து ஊட்டியவர்களில் சாலாவும் ஒருவர். லிவர்பூலில் நடுவில் நின்ற ஃபிர்மினோ கீழே இறங்கி வருபவர். அவர் இறங்கும்போது எதிரணியின் சென்டர்பேக், அதாவது நடுத் தடுப்பாட்டக்காரர், கூடவே வருவார், அவர் விட்ட வெற்றிடத்துக்குள் வலப்பக்கத்திலிருந்து சாலா குறுக்கே வெட்டி நுழைவார். பக்கவாட்டு அகலத்தை ஃபுல்பேக் பார்த்துக்கொள்வார். காகிதத்தில் விங்கர் (பக்கவாட்டு ஆட்டக்காரர்), வேலையில் ஸ்ட்ரைக்கர் (கோல் அடிக்கும் முன்கள வீரர்). செல்சியின் 2-லிருந்து 15 வரை வந்தது வளர்ச்சி என்றால், 15-லிருந்து 32-க்குத் தாவியதில் பெரும்பங்கு இந்த ஏற்பாடு. வளர்ச்சியும் நிஜம்தான் என்பதற்குச் சாட்சி பிறகு நடந்தது: ஃபிர்மினோ போய், பயிற்சியாளரும் மாறி, 2024-25-இல் 29 கோல், 18 அசிஸ்ட். ஏற்பாடு கலைந்த பிறகும் எண்ணிக்கை நின்றால் அது ஆளுடையது.

மெக்டாமினேவைப் பொறுத்தவரை திறமை முன்பே கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருந்தது. 2023 மார்ச்சில் ஸ்காட்லாந்து ஸ்பெயினை 2-0 என்று வென்றபோது இரண்டு கோலும் அவருடையவை. அந்த யூரோ தகுதிச் சுற்றில் மொத்தம் 7 கோல். நாட்டு அணியில் பெட்டிக்குள் தாமதமாக ஓடி நுழையும் சுதந்திரம் இருந்தது. கிளப்பில் நீண்ட காலம் தடுப்புக்கு முன்னால் காவல் நின்றார். குறுகிய இடத்தில் பந்தை வாங்கித் திரும்பிக் கொடுக்கும் அந்த வேலை அவருடைய பலம் அல்ல, இன்றைக்கும் அல்ல. நாப்போலியில் கான்ட்டே அவரை முன்னே தள்ளினார். மைய முன்களத்தில் லுகாகு இரண்டு சென்டர்பேக்குகளைப் பிடித்து நிறுத்திக்கொள்ள, பின்னாலிருந்து இவர் ஓடி வந்தார். 12 லீக் கோல். கடைசி நாளில் கால்யாரிக்கு எதிராகத் அந்தரத்தில் பாய்ந்து அடித்த கோல் ஒன்று. இன்டரைவிட ஒரே ஒரு புள்ளி அதிகம் பெற்று நாப்போலி சாம்பியன்.

அவரை யுனைடெட் ஏன் விற்றது என்பதில் கால்பந்துக்கு அப்பாற்பட்ட காரணம் ஒன்று உண்டு, கேள்வியில் 'தாய் அணி' என்று சொன்னீர்களே, அதோடு நேராகத் தொடர்புடையது. அவர் விற்கப்பட்ட காலத்து பிரீமியர் லீக் விதிப்படி ஒரு கிளப் மூன்று ஆண்டுகளில் அதிகபட்சம் 10.5 கோடி பவுண்ட் நஷ்டம் காட்டலாம். வாங்கிய வீரரின் விலையைக் கணக்குப் புத்தகத்தில் ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பிரித்து எழுதுவார்கள். 5 கோடிக்கு ஐந்தாண்டு ஒப்பந்தம் என்றால் ஆண்டுக்கு 1 கோடி செலவு. மூன்றாண்டு கழித்துப் புத்தக மதிப்பு 2 கோடி. அவரை 2.5 கோடிக்கு விற்றால் லாபம் 50 லட்சம்தான். தங்கள் அகாடமியில், அதாவது கிளப்பின் இளையோர் பயிற்சிப் பள்ளியில், வளர்ந்த பையனுக்குப் புத்தக மதிப்பு பூஜ்யம். அவரை அதே 2.5 கோடிக்கு விற்றால் முழுத் தொகையும் லாபம். ஆகவே பணம் இறுகும்போது முதலில் விலைபோவது சொந்த வளர்ப்புகள்தான். மெக்டாமினே விற்கப்பட்டது ஏறக்குறைய இந்தத் தொகைக்குத்தான். மோசமாக ஆடியதால் விற்றார்கள் என்று நினைத்துக்கொண்டு, பிறகு அவர் நன்றாக ஆடுவதைப் பார்த்து நாம் ஆச்சரியப்படுகிறோம்.

கோல் பாமரும் அகாடமிப் பிள்ளை. மான்செஸ்டர் சிட்டிக்காக 19 லீக் ஆட்டங்களில் கோல் இல்லை, பெரும்பாலும் கடைசி நிமிடங்களில் இறங்கியவை. 2023 செப்டம்பரில் ஏறக்குறைய 4 கோடி பவுண்டுக்கு செல்சிக்குப் போனார். அந்தப் பருவம் லீகில் 22 கோல், 11 அசிஸ்ட். பூஜ்யத்திலிருந்து 22 என்று தலைப்பு போட்டார்கள். அந்த 22-இல் 9 பெனால்ட்டி. பெனால்ட்டி கோல் ஆவது நான்கில் மூன்று முறைக்குமேல் சாதாரணமாக நடப்பது. சிட்டியில் அந்தப் பந்து இளம் மாற்று வீரரின் கையில் கிடைக்காது. கழித்தால் 13. விங்கராகத் தொடங்கும் 21 வயது ஆட்டக்காரருக்கு அதுவும் மிக நல்ல எண், ஆனால் வேறு மாதிரியான எண். தவிர, செல்சிக்குப் போவதற்குச் சில வாரங்கள் முன்புதான் சிட்டிக்காக கம்யூனிட்டி ஷீல்டிலும் ஐரோப்பிய சூப்பர் கோப்பையிலும் கோல் அடித்திருந்தார். கையில் சரக்கு இருந்தது, கடை திறக்க இடம்தான் இல்லை.

மாறியது ஆளா வேலையா என்ற கேள்விக்கு ஆய்வுக்கூடச் சோதனை மாதிரி ஒன்று வேண்டுமென்றால் லுகாகுவைப் பாருங்கள். 2018-19-இல் யுனைடெட்டில் 12 லீக் கோல். அடுத்த இரண்டு பருவம் இன்டரில் கான்ட்டேயிடம் 23, 24. இரண்டாவதில் சாம்பியன் பட்டம், லீகின் சிறந்த வீரர் விருது. உடனே 2021-இல் 9.75 கோடி பவுண்ட் கொடுத்து செல்சி திரும்ப அழைத்தது. வயது 28. அதே கால், அதே தலை. லீகில் 8 கோல். இன்டரில் அணி பின்னுக்கு இறங்கி நின்று, நீண்ட பந்தை அவர் மார்புக்கு அனுப்பும்; அவர் ஒரு தடுப்பாட்டக்காரரை முதுகில் வைத்துக்கொண்டு உருண்டு திரும்பி வலப்பக்க வெளியில் ஓடுவார்; பக்கத்தில் லவுட்டாரோ மார்ட்டினெஸ் இருப்பார். செல்சியில் பந்து எதிரணியின் பெட்டியைச் சுற்றி மெதுவாக வலம் வந்தது, ஓட வெளியே இல்லை, அவர் இரண்டு சென்டர்பேக்குகளுக்கு நடுவே சிக்கி நின்றார். 2022 பிப்ரவரியில் கிரிஸ்டல் பேலஸுக்கு எதிராக முழு 90 நிமிடமும் ஆடி அவர் பந்தைத் தொட்டது 7 முறை. அதில் ஒன்று ஆட்டத்தைத் தொடங்கி வைத்த தொடுதல். மூன்று ஆண்டு கழித்து நாப்போலியில் மறுபடி கான்ட்டே, மறுபடி 14 லீக் கோல், மறுபடி பட்டம். இன்டருக்குப் போனபோது உணவு முறையை மாற்றி எடையைக் குறைத்ததை அவரே சொல்லியிருக்கிறார், அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனால் எடையை மட்டும் வைத்து 24-லிருந்து 8-க்கு விழுந்ததை விளக்க முடியாது.

இதுவரை சொன்னவற்றில் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. இனி வருவது சந்தேகமானது. முதலாவது, நாம் பார்க்கும் பெயர்கள் வடிகட்டிய பெயர்கள். அணி மாறிக் காணாமல் போனவர்களைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதில்லை. லிவர்பூலில் கொடிகட்டிப் பறந்த டோரஸ் 5 கோடி பவுண்டுக்கு செல்சிக்குப் போய், அந்தப் பருவத்தின் மீதி 14 லீக் ஆட்டங்களில் ஒரே ஒரு கோல் அடித்தார். கூட்டின்யோ லிவர்பூலை விட்டு பார்சலோனா போனதும் மங்கிப்போனார். ஜேடன் சான்சோ ஒருவரிடமே இரண்டும் நடந்தது: சிட்டியிலிருந்து 17 வயதில் டார்ட்மண்ட் போய் மேலே வந்தார், அங்கிருந்து 7.3 கோடிக்கு யுனைடெட் வந்து கீழே போனார். ஆகவே 'அணி மாறினால் ஆட்டம் கூடும்' என்று பொது விதி எழுத ஆதாரம் போதாது.

இரண்டாவது, வயது. மேலே சொன்னவர்களில் பலர் 21-லிருந்து 25 வயதுக்குள் மாறியவர்கள். அந்த வயதில் எங்கே இருந்தாலும் ஆட்டம் முதிரும். ஹாரி கேன் டாட்டன்ஹாமிலிருந்து நான்கு கிளப்புகளுக்கு இரவல் போய், பெரிதாக எதையும் காட்டாமல் திரும்பி, விற்கப்படாமல் அங்கேயே இருந்து 2014-15-இல் 21 லீக் கோல் அடித்தார். 2014 கோடையில் வேறு அணி அவரை வாங்கியிருந்தால், அந்த மாற்றம்தான் அவரை உருவாக்கியது என்று இன்று நாம் பேசிக்கொண்டிருப்போம். இதே இடத்தில் உடல்நலத்தையும் சேர்க்க வேண்டும். நாப்ரி ஆர்சனலில் நீண்ட முழங்கால் காயத்திலிருந்து மீண்டு வந்த பையன். 2015-16-இல் வெஸ்ட் பிராமுக்கு இரவல் போய் லீகில் ஒரே ஆட்டம். 2016-இல் பிரெமனுக்குப் போய் 11 கோல், பிறகு பேயர்ன் மூனிக். ஆட்டத்தைக் கற்றாரா, முழங்கால் சரியானதா, 20 வயது 21 ஆனதா? மூன்றையும் வெளியிலிருந்து பிரிக்க எனக்கு வழி தெரியவில்லை.

மூன்றாவது, 'இத்தாலி எளிது, அதனால்தான் அங்கே போய் எல்லோரும் ஜொலிக்கிறார்கள்' என்ற வாதம். லுகாகுவையும் மெக்டாமினேவையும் காட்டுவார்கள். அதே இத்தாலியிலிருந்து சாலா வந்து இங்கிலாந்தின் கோல் சாதனையை முறித்தார். அதே இத்தாலியில்தான் ஹென்றி 3 கோலோடு நின்றார். லீகுகளுக்கிடையே வேகத்தில் வித்தியாசம் இருப்பது நிஜம், அது எந்தப் பக்கம் எவ்வளவு இழுக்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். நான்காவது, தன்னம்பிக்கை. எல்லா நேர்காணலிலும் வரும் சொல், ஆனால் அளக்க முடியாதது. அளக்கக்கூடிய ஒன்று உண்டு: மோசமாக ஆடிய ஆட்டத்துக்கு அடுத்த ஆட்டத்திலும் அவர் பெயர் பதினொருவரில் இருந்ததா? நாளைக்கு இடம் போய்விடும் என்று தெரிந்தவர் பந்தைப் பாதுகாப்பாகப் பின்னாலேயே தட்டுவார். அதைக் காணொளியில் பார்க்கலாம்.

நீங்களே ஒரு வீரரைச் சோதிக்க விரும்பினால், முதலில் நிமிடங்களை எடுங்கள், ஆட்டங்களின் எண்ணிக்கையை அல்ல. கோலை 90-ஆல் பெருக்கி நிமிடங்களால் வகுங்கள். இரண்டு அணியிலும் குறைந்தது 900 நிமிடமாவது இல்லாவிட்டால் ஒப்பிடவே வேண்டாம். 300 நிமிடத்தில் 2 கோல் என்றால் 90 நிமிடத்துக்கு 0.6, பிரமாதம், அதில் ஒன்று கம்பத்தில் பட்டிருந்தால் 0.3, சுமார். ஒரு உதையில் ஒருவர் தலையெழுத்து மாறும் அளவு சிறிய கணக்கு அது. மாற்று வீரராக இறங்கிய நிமிடங்களைத் தனியே வையுங்கள். ஆட்டத்தின் கடைசி அரைமணியில் கால்கள் களைத்து இடைவெளி திறந்திருக்கும், அங்கே வரும் எண்கள் ஏறித் தெரியும். பிறகு பெனால்ட்டியைக் கழியுங்கள். அதன்பின் கோலை விட்டுவிட்டு, 90 நிமிடத்துக்கு எத்தனை உதை, பெட்டிக்குள் எத்தனை தொடுதல் என்று பாருங்கள். உதைகளின் எண்ணிக்கையும் அவை புறப்படும் இடமும் மாறியிருந்தால் வேலை மாறியிருக்கிறது. உதைகள் அதேபோல் இருந்து கோல் மட்டும் கூடியிருந்தால், அது பெரும்பாலும் அதிர்ஷ்டம், அடுத்த பருவம் இறங்கும். அரிதாகத்தான் உதையே மேம்பட்டிருக்கும். எக்ஸ்ஜி எண்ணை, அதாவது அவர் உதைத்த இடங்களிலிருந்து எத்தனை கோல் எதிர்பார்க்கலாம் என்ற கணக்கை, இரண்டு பருவத்துக்குச் சேர்த்துப் பார்த்தால் இது பிடிபடும், ஒரு பருவத்தில் பிடிபடாது.

எண்கள் முடிந்ததும் பழைய அணியில் மூன்று முழு ஆட்டம், புது அணியில் மூன்று முழு ஆட்டம் பாருங்கள்: ஒன்று பலமான எதிரணி, ஒன்று பலவீனமான எதிரணி, ஒன்று வெளியூர். கோல் தொகுப்புக் காணொளி உதவாது, அதில் எல்லோருமே மரடோனா. பந்து வரும்போது அவர் உடல் எந்தப் பக்கம் பார்க்கிறது, அவருக்கு முன்னால் எத்தனை சக வீரர்கள் ஓடுகிறார்கள், பந்து பறிபோனதும் அவர் எவ்வளவு தூரம் பின்னால் ஓட வேண்டியிருக்கிறது என்ற மூன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பிர்லோ, ஹென்றி, லுகாகு மூவரின் கதையும் இந்த மூன்றுக்குள்ளேயே தெரியும்.

முதல் பருவத்தை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். புது அணியில் முதல் ஆண்டு எதிரணிகளுக்கு அவரைத் தெரியாது. இரண்டாம் ஆண்டு அவர் எந்தக் காலில் திரும்புவார் என்று குறிப்பெடுத்துக்கொண்டு வருவார்கள். பாமர் இரண்டாம் பருவத்தில் லீகில் 15 கோலோடு முடித்தார். 2025 ஜனவரியிலிருந்து மே வரை 18 ஆட்டங்கள் கோல் இல்லாமல் போனார். இரண்டு பேர் சேர்ந்து அவரை மூடத் தொடங்கியிருந்தார்கள். அந்த ஜூலையிலேயே கிளப் உலகக்கோப்பை இறுதியில், வலப்பக்கம் வெளி கிடைத்த ஒரு நாளில், முதல் பாதிக்குள் பாரிஸ் அணிக்கு எதிராக இரண்டு கோல் அடித்தார். அவர் எந்தப் பட்டியலைச் சேர்ந்தவர் என்று இன்னும் நான் முடிவு செய்யவில்லை.